ஒரு நிமிட இருட்டு

டைமர் வாங்குவதென்றால் முதலில் பார்க்க வேண்டியது அதற்குள்ளே பேட்டரி இருக்கிறதா என்பதைத்தான், குட்டி. மற்றதெல்லாம் அப்புறம்.

நேற்று போனில் தயங்கித் தயங்கிக் கேட்டாய். "தப்பா நினைச்சுக்காதீங்க சித்தி. உங்களைக் கூட்டிட்டு வர நான் அங்க வந்துட்டா இங்க வீடு பூட்டியே கிடக்கும். சாயங்காலமானா விளக்கு தானா எரியற மாதிரி ஒண்ணு மாட்டணும். அம்மாவுக்கு நீங்க வாங்கினீங்களே, அது மாதிரி. எதைப் பார்த்து வாங்கறது?" எழுதி அனுப்புகிறேன் என்று சொன்னேன். பேச்சில் எனக்குப் பாதி விட்டுப்போகும். அச்சகத்தில் அத்தனை வருடம் அடுத்தவர்கள் எழுதியதில் பிழை திருத்தியவள் நான். எழுத்தில் என்றால் எதையும் விடமாட்டேன்.

கடையில் இரண்டு வகை காட்டுவார்கள். ஒன்று வட்டமாக, கடிகாரம் மாதிரி இருக்கும். சுற்றிலும் சின்னச் சின்னப் பற்கள். விளக்கு எந்த நேரத்தில் எரிய வேண்டுமோ அந்த நேரத்துப் பற்களை அழுத்திவிட்டால் போதும். ஒரு பல்லுக்குக் கால் மணி நேரம். உள்ளே மெல்லிசாக ஒரு சத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். யாருக்கும் புரியும். ஆனால் கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும், வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடும். நாலு தடவை கரண்ட் போய் வந்தால் உன் வீட்டு விளக்கு பட்டப்பகலில் எரிந்துகொண்டிருக்கும். வீட்டில் ஆள் இல்லை என்று தண்டோரா போட்டது மாதிரி.

இன்னொன்று எண்கள் தெரிகிற வகை. உள்ளே பொட்டு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், அதனால் கரண்ட் போனாலும் நேரத்தை மறக்காது. நிமிடக் கணக்கில் வைக்கலாம். ஒரே சாயங்காலத்தில் எரிந்து, அணைந்து, மறுபடி எரியும்படி வைக்கலாம். எல்லாம் வைத்து முடித்ததும் பொத்தான் 'ஆட்டோ'வில் நிற்கிறதா என்று பார்த்துக்கொள். பலர் 'ஆன்'இல் விட்டுவிட்டு, டைமர் கெட்டுப்போச்சு என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவார்களாம்.

நான் இரண்டு வகையும் வாங்கினேன். முதலில் பற்கள் வைத்தது. மறுநாளே அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எண்கள் உள்ளதை வாங்கிவந்தேன். ஏன் மாற்றினேன் என்று இதுவரை யாரும் என்னைக் கேட்கவில்லை. விசாரிக்க வந்த அதிகாரி கேட்கவில்லை. நீயும் கேட்டதில்லை. அதைச் சொல்லாவிட்டால் டைமரைப் பற்றிச் சொன்னதாகவே ஆகாது.

உன் அம்மா வீட்டுச் சமையலறை ஜன்னலும் என் வீட்டுச் சமையலறை ஜன்னலும் ஒன்றையொன்று பார்த்தபடி இருப்பது உனக்குத் தெரியும். நடுவில் ஒரு சந்து, இடுப்பளவுச் சுவர். உன் அப்பா போன பிறகு அக்கா அந்த வீட்டுக்குக் குடிவந்தாள். அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு வழக்கம். இருட்டத் தொடங்கும்போது அவள் ஜன்னலோர மேசை விளக்கைப் போடுவாள், ஒரு தடவை டக்கென்று அணைத்து மறுபடி போடுவாள். 'இருக்கேன்' என்று அதற்கு அர்த்தம். நான் பதிலுக்கு எதுவும் செய்ய வேண்டியதில்லை. பார்த்தால் போதும். விளக்கு அப்படிச் சிமிட்டாவிட்டால் நான் சாவியை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். அவள் வீட்டுச் சாவி என் ஜன்னல் பக்கத்து ஆணியில்தான் தொங்கும்.

அவள் எனக்குச் சொல்ல வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. நான் அவளுக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எங்கள் வீட்டில் பார்த்துக்கொள்கிறவள் எப்போதும் நான்தான். முதலில் அம்மாவை. பிறகு உன்னை, உன் அம்மா வேலைக்குப் போன நாட்களில். பிறகு அவளை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. உன்னைப் பார்த்துக்கொண்டது மட்டும்தான் நான் கேட்காமலே எனக்குக் கிடைத்த நல்ல விஷயம்.

முழங்கால் வலி அதிகமானதும் அக்காவுக்கு மேசையிலிருந்து எழுந்து சுவிட்சுக்குப் போவதே பெரிய பயணமாகிவிட்டது. ஒரு டைமர் போட்டால் என்ன என்று நீதான் சொன்னாய். ஞாபகம் இருக்கிறதா. நான் போய் அந்த வட்ட டைமரை வாங்கிவந்தேன். மேசைக்கு அடியில் மண்டிபோட்டு, பிளக்கைப் பிடுங்கி, டைமரைச் செருகி, அதன் மேல் விளக்கின் பிளக்கைச் செருகினேன். அக்கா எதிரில் காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"உங்க அச்சகத்துல படம் போடுவாரே, மைவிரலு. போயிட்டாராம்டி. பேப்பர்ல சின்னதா போட்டிருந்தான்" என்றாள்.

மைவிரல் என்று நாங்கள்தான் அவருக்குப் பெயர் வைத்திருந்தோம். எப்போது பார்த்தாலும் வலது கை ஆள்காட்டி விரலில் மை இருக்கும். கதைகளுக்குத் தலைப்புப் படம் வரைவார். நான் திருத்தி முடித்த தாள்கள் அவர் மேசை வழியாகத்தான் போகும். நான் கவனிக்காமல் விட்ட பிழை ஏதாவது அவர் கண்ணில் பட்டால், அதன் பக்கத்தில் ஓரமாக ஒரு எறும்பு வரைந்து திருப்பி அனுப்புவார். ஒவ்வொரு எறும்பும் வேறு மாதிரி இருக்கும். ஒன்று குடை பிடித்திருக்கும். ஒன்று மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு என்னைப் போலவே முறைக்கும். நாளாக ஆக நான் வேண்டுமென்றே ஒரு பிழையை விட்டு அனுப்பத் தொடங்கினேன். அவருக்கும் அது தெரிந்திருந்தது. ஒரு நாள் இரண்டு எறும்புகளை வரைந்திருந்தார், பக்கத்துப் பக்கத்தில், பிழையே இல்லாத ஒரு வரியின் ஓரத்தில்.

அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. மேசைக்கு வந்தால் தாளை வைத்துவிட்டுப் போய்விடுவார், முகத்தைப் பார்க்கமாட்டார். கொஞ்ச நாளில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். நான் என்ன தப்பு செய்தேன் என்று அக்காவின் மடியில் விழுந்து அழுதேன். நீ அப்போது அவள் வயிற்றில் இருந்தாய். அக்கா என் தலையைத் தடவிக்கொடுத்து, "ஆம்பளைங்க அப்படித்தான்டி, விட்டுத் தள்ளு" என்றாள். விட்டுத் தள்ளினேன். அவர் என்னை ஏமாற்றிவிட்டார் என்று முடிவுசெய்து, அந்த முடிவோடு இத்தனை வருடம் குடித்தனம் நடத்தினேன்.

மேசைக்கு அடியில் பிளக்கை இன்னொரு தடவை அழுத்திச் செருகினேன். அக்காவே தொடர்ந்தாள்.

"பாவம். அன்னைக்கு வாசல்ல வந்து எப்படி நின்னாரு தெரியுமா. சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு."

"எந்த வாசல்ல?"

"அம்மா வீட்டு வாசல்லதான். நீ அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தே. உன்னைக் கேக்க வந்தாரு. நான் சொல்லலையா உன்கிட்ட?"

"சொல்லலை."

"சொல்லியிருப்பேன், நீ மறந்திருப்பே." டீயை ஒரு வாய் குடித்தாள். "அவளுக்கு இதுல இஷ்டமில்லைங்க, முகத்துக்கு நேரா சொல்ல சங்கடப்படறா, இனிமே அவகிட்ட பேச்சு வெச்சுக்காதீங்கன்னு நயமாதான் சொன்னேன். தலையை ஆட்டிட்டுப் போயிட்டாரு. நல்ல மனுஷன்."

"ஏன்க்கா?"

"ஏன்னா? நீ கிளம்பிட்டா அம்மாவை யாரு பார்த்துக்கறது? நானோ இவளை வயித்துல வெச்சுக்கிட்டிருக்கேன். இப்ப என்ன அதுக்கு, எல்லாம் முடிஞ்ச கதை. அவரும் கல்யாணம் பண்ணி ரெண்டு பிள்ளையைப் பெத்து நல்லாதான் இருந்திருக்காரு. டீ எடுத்துக்கோ, ஆறுது."

அவள் குரலில் குற்றமும் இல்லை, கேலியும் இல்லை. பழைய வீட்டில் எந்தச் சுவரில் அலமாரி இருந்தது என்று சொல்வது மாதிரி சொன்னாள். அவள் கெட்டவள் என்று நான் அன்றும் நினைக்கவில்லை. ஒரு பொருளை எடுத்து உபயோகித்துவிட்டு, அது யாருடையது என்பதே மறந்துபோகிற அளவுக்கு உபயோகித்துவிட்டாள், அவ்வளவுதான். டீயைக் குடித்தேன். தம்ளரைக் கழுவி வைத்தேன். வீட்டுக்கு வந்து ஜன்னலில் நின்றேன். புது டைமர் சொன்ன நேரத்துக்கு விளக்கு எரிந்தது. அக்கா மெல்ல எழுந்து போய்ச் சுவர் சுவிட்சைத் தட்டி, டக்கென்று அணைத்துப் போட்டாள். இருக்கேன்.

மறுநாள் கடைக்குப் போனேன். என் கண்ணாடியைப் பார்த்து அந்தக் கடைக்காரர் என்னை டீச்சர் என்று நினைத்துக்கொண்டிருந்தார். நானும் திருத்தவில்லை.

"என்ன டீச்சர், நேத்துதானே வாங்கினீங்க. ஓடலையா?"

"ஓடுது. நிமிஷக் கணக்குல வைக்கற மாதிரி வேணும். எரியணும், நடுவுல கொஞ்ச நேரம் அணையணும், மறுபடி எரியணும்."

"நடுவுல எதுக்கு அணையணும்?"

"ஆள் இருக்கற மாதிரி தெரியணும்."

"அதுசரி. திருடனே குழம்பிப்போய் பியூஸ் பார்த்துக் குடுத்துட்டுப் போவான்" என்று சிரித்தார். எண்கள் உள்ளதை எடுத்துக் காட்டினார். "இதுல குறைஞ்சது ஒரு நிமிஷம். அதுக்குக் கீழ வராது. டக்குனு அணைஞ்சு எரியணும்னா அதுக்கு மனுஷன்தான் வேணும் டீச்சர்."

ஒரு நிமிடம் போதும் என்றேன். கரண்ட் போனாலும் நிற்காதா என்று மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டேன். நிற்காது என்றார்.

அக்கா வீட்டில் மாட்டும்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். சாயங்காலம் விளக்கு எரிந்தது. பிறகு அணைந்தது. அவளும் நானும் இருட்டில் உட்கார்ந்திருந்தோம். ஒரு நிமிடம் என்பது எவ்வளவு நேரம் என்று இருட்டில் உட்கார்ந்தால்தான் தெரியும், குட்டி. மறுபடி எரிந்ததும் அக்கா கேட்டாள், "என்னடி இது, நடுவுல மூச்சு வாங்குது? என்னை மாதிரியே முழங்கால் வலியா அதுக்கும்?"

"நீ அணைச்சுப் போடறதுக்குப் பதில் அது. இனிமே நீ எழுந்திருக்க வேண்டாம். இருக்கேன்னு அதுவே எனக்குச் சொல்லிடும்."

"நான் செத்துக் கிடந்தாலும் சொல்லுமா?"

"சொல்லும்."

"கெட்டிக்காரிதான் நீ" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். நான் எதையும் மறைக்கவில்லை என்பதை நீ கவனிக்க வேண்டும். அவளுக்குத் தெரிந்துதான் மாட்டினேன்.

அன்றிலிருந்து நான் ஜன்னலில் நிற்பது நிம்மதியாகிவிட்டது. விளக்கு எரியும், ஒரு நிமிடம் அணையும், மறுபடி எரியும். என் வேலை முடிந்தது. அதிகாரியிடம் இவ்வளவைத்தான் சொன்னேன். "தினமும் அணைஞ்சு எரிஞ்சுதாம்மா?" என்றார். எரிந்தது என்றேன். "கடைசி நாட்கள்லயும்?" ஒரு நாள்கூடத் தவறவில்லை என்றேன். அவர் டைமரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உன்னிடம், "இந்த மெஷினை நம்பி ஏமாந்துட்டாங்க, பாவம்" என்றார். பிறகு என்னிடம் தணிந்த குரலில், எந்தக் கடையில் வாங்கியது என்றும் கேட்டார். நீ என் தோளில் சாய்ந்து அழுதாய். "மெஷின் உங்களை ஏமாத்திடுச்சு சித்தி, உங்க மேல ஒரு தப்பும் இல்லை" என்றாய்.

நான் அதிகாரியிடம் சொன்னதில் பொய் ஒன்றுகூட இல்லை. ஒரு வரிதான் விட்டுப்போயிற்று.

அக்கா சும்மா இருக்கிறவளா. மெஷின் தன் ஒரு நிமிடத்தை முடித்து விளக்கை ஏற்றியதும், அவள் பாட்டுக்கு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்ச் சுவர் சுவிட்சை டக்கென்று ஒரு தடவை தட்டுவாள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "அது சொல்றதை அது சொல்லட்டும். அதுக்குக் கீழ நான் கையெழுத்துப் போட வேண்டாமா? உனக்குத் தெரியாததா" என்றாள். அப்படித்தான் தினமும். மெஷினின் நீள இருட்டு. பிறகு அவளுடைய சின்னக் கையெழுத்து.

ஒரு நாள் கையெழுத்து இல்லை.

நான் காத்திருந்தேன். மறந்திருப்பாள் என்று நினைக்க ஒரு சாயங்காலம் போதுமானதாக இருந்தது. மறுநாளும் மெஷின் அணைத்தது, மெஷின் ஏற்றியது, அதற்குக் கீழே எதுவும் இல்லை. சாவி ஆணியில் இருந்தது. என் கைக்கு எட்டும் தூரம்தான். எடுத்தால் சந்துக்கு அந்தப் பக்கம் நாலு எட்டு. அப்போது எனக்குக் கோபம் இருந்ததா என்று கேட்டால், இல்லை. ஒரு திருத்தத்தைப் பற்றி யோசிப்பது மாதிரிதான் இருந்தது. போடலாமா, விடலாமா. கதவைத் திறந்தால் மறுபடி பார்த்துக்கொள்ள வேண்டும். ஆஸ்பத்திரி, கஞ்சி, தூக்கி உட்காரவைப்பது, கால் அமுக்கிவிடுவது. அம்மாவுக்குச் செய்தேன். அம்மாவுக்குச் செய்தபோது, அவர் என்னைக் கேட்டு வந்து திரும்பிப் போனது எனக்குத் தெரியாது.

அன்று அந்த ஒரு நிமிட இருட்டில் ஒரு சத்தம் கேட்டது. குழாயில் எதையோ வைத்துத் தட்டுவது போல, விட்டு விட்டு. தண்ணீர் வருகிற சத்தம் என்று எடுத்துக்கொண்டேன். எங்கள் தெருவில் காலையில் மட்டும்தான் தண்ணீர் வரும். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் போயிருப்பேன், அதில் உனக்குச் சந்தேகமே வேண்டாம். அவள் கூப்பிடவில்லை. தட்டினாள், அவ்வளவுதான்.

கொஞ்ச நேரத்தில் நீ போன் செய்தாய். இந்த இடத்தை நீ எத்தனை முறை நினைத்துப் பார்த்திருப்பாய் என்று எனக்குத் தெரியும்.

"அம்மா போன் எடுக்கலையே சித்தி. ரெண்டு நாளா அடிச்சுப் பார்க்கறேன்."

"விளக்கு எரியுது குட்டி. இப்பதான் அணைச்சுப் போட்டா. போனை எங்கயாவது வெச்சுட்டுத் தேடிக்கிட்டிருப்பா."

"அப்பாடா. அப்ப சரி. நீங்க பார்த்துக்குங்க சித்தி."

"பார்த்துக்கறேன்" என்றேன்.

நீ நிம்மதியாகப் போனை வைத்தாய். நான் ஜன்னலிலேயே இருந்தேன். தட்டுகிற சத்தம் அதற்கு அடுத்த நாளும் இருந்தது. அதற்குப் பிறகு இல்லை. மெஷின் மட்டும் சொன்னபடி எரிந்து, அணைந்து, எரிந்தது. ஒரு தடவை தெரு முழுக்கக் கரண்ட் போய் வந்தது. அது நேரத்தை மறக்கவில்லை. பேட்டரி பார்த்து வாங்கு என்று நான் சொல்வது இதனால்தான்.

கடைசியில் நீ மறுபடி போன் செய்து, "எனக்கென்னவோ மனசு சரியில்லை, நானே கிளம்பி வரேன்" என்றபோதுதான் சாவியை எடுத்தேன். குளியலறைக்கும் சமையலறைக்கும் நடுவில் கிடந்தாள். கையில் கரண்டி. தலை ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. விழுந்ததில் உயிர் போகவில்லை, இடுப்புதான் உடைந்திருக்கிறது, ஆள் வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் உன்னிடம் சொன்னார். நீ அதை என்னிடம் சொல்லவில்லை. சித்திக்குத் தெரிந்தால் தாங்கமாட்டாள் என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டாயாம். நான் அந்த அறைக்கு வெளியேதான் உட்கார்ந்திருந்தேன், குட்டி. கதவு சரியாகச் சாத்தவில்லை.

அவள் போனதிலிருந்து எனக்குச் சாயங்காலங்களில் ஒன்றும் ஓடவில்லை. அழாமல் இருந்த நாள் குறைவு. என்னோடு சண்டைபோட, என்னைக் கெட்டிக்காரி என்று சொல்ல, என் சின்ன வயது முகத்தை ஞாபகம் வைத்திருக்க இனி யாரும் இல்லை. டைமரைக் கழற்றிக்கொண்டு வந்து என் ஜன்னல் விளக்கில் மாட்டியிருக்கிறேன். அதில் வைத்த நேரங்களை அழிக்கவில்லை. அந்த ஒரு நிமிடம் வரும்போது எதிர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். விளக்கு வந்ததும் என் கை தானாகச் சுவர் சுவிட்சுக்குப் போகும். தட்டுவதில்லை. அங்கே பார்க்க யார் இருக்கிறார்கள்.

நேற்று நீ, "இங்க வந்துடுங்க சித்தி, இனிமே நான் உங்களைப் பார்த்துக்கறேன்" என்றாய். அந்தச் சொல்லை என்னிடம் யாரும் அதுவரை சொன்னதில்லை. அதனால்தான் இதை எழுதினேன். வாங்கிக்கொள்வதற்கு முன்னால் கணக்குச் சரியாக இருக்க வேண்டும். இதைப் படித்த பிறகும் கிளம்புவதாக இருந்தால் எண்கள் உள்ள டைமராகப் பார்த்து வாங்கு. கிளம்புவதாக இல்லையென்றால் உனக்கு டைமரே தேவைப்படாது.

நான் அவளைத் தொடக்கூட இல்லை. அக்காவைத் தூக்கிக்கொண்டு போன அன்று வந்தவர்கள் எல்லோரும், கடைசி வரைக்கும் அக்காவைப் பார்த்துக்கிட்டே இருந்தா என்று ஒரே மாதிரி சொன்னார்கள். நீயும் சொன்னாய். பிழை திருத்துகிறவள் என்கிற முறையில் அந்த வாக்கியத்தை எத்தனையோ முறை படித்துப் பார்த்துவிட்டேன். அதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை.